சரக்கு ஒன்றா, பலவா?

வாணியம்பாடியில் முனீர் அகமது சாயபுவின் தோல்ஷாப்பில் ரத்தினசாமி தலைமைக் குமாஸ்தா. தோல் பதனிடும் இடத்தை அந்தப் பக்கத்தில் தோல்ஷாப் என்றுதான் சொல்வார்கள். ஆட்டுத்தோலைப் பதனிட்டு, சாயமேற்றி, மெருகு போட்டு இத்தாலிக்குக் கப்பலேற்றுவது அவர்கள் வியாபாரம். 1982ஆம் வருடம் ரத்தினசாமிக்கு ஐம்பத்து நாலு வயது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். பத்தொன்பது வருடமாக அந்த ஆபீஸிலிருந்து கடல் தாண்டிப் போன ஒவ்வொரு இங்கிலீஷ் கடிதமும் அவர் எழுதியதுதான். முதலாளி கையெழுத்து மட்டும் போடுவார்.

அந்த இங்கிலீஷ் தனி ரகம். 'இஸ்' எங்கே வரும், 'ஆர்' எங்கே வரும் என்பதையெல்லாம் அவர் காதால்தான் முடிவு செய்வார். எது நன்றாக ஒலிக்கிறதோ அது. 'கூட்ஸ் இஸ் ரெடி' அவர் காதுக்கு நன்றாக ஒலித்தது. 'லெதர் ஆர் வெரி சாஃப்ட்' அதைவிட நன்றாக ஒலித்தது. கடிதத்தின் கடைசியில், சரக்கு விஷயமெல்லாம் முடிந்தபிறகு, 'நான் குமாஸ்தா ரத்தினசாமி' என்று தொடங்கி நாலு வரி சொந்த விஷயம் எழுதுவார். இந்த வருடம் பாலாற்றில் தண்ணீர் வந்தது, மனைவி அம்சவேணிக்கு முழங்கால் வலி, பெரிய பெண்ணுக்குக் குடியாத்தத்தில் சம்பந்தம் முடிந்தது, இப்படி. மிலான் பக்கத்திலிருந்து தோல் வாங்கும் டொனாட்டி என்பவரும் இதே மாதிரி ஒரு இங்கிலீஷில் தன் பித்தப்பை ஆபரேஷன் பற்றிப் பதில் எழுதுவார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே கிடையாது.

அந்த ஆகஸ்ட் மாதத்தில்தான் வம்பு வந்தது. கறுப்பு ஒரு லாட், பழுப்பு ஒரு லாட் என்று இரண்டு லாட் ஆர்டர். கறுப்பு தயார். பழுப்பு இன்னும் சாயத்தொட்டியைவிட்டு வெளியே வரவில்லை. "ஒரு லாட் ரெடின்னு எழுதிடு ரத்தினம்" என்றார் முதலாளி. ரத்தினசாமி எழுதினார்: 'ஒன் ஆஃப் த டூ லாட்ஸ் ஆர் ரெடி.'

டொனாட்டி அதைப் படித்துவிட்டு, கடைசியில் இருந்த 'லாட்ஸ் ஆர் ரெடி'யை மட்டும் மனசில் வைத்துக்கொண்டார். சரக்கைச் சோதித்துப் பார்க்கும் அவருடைய ஆள் ஒருவர் அப்போது கான்பூரில் இருந்தார். அவருக்குத் தந்தி பறந்தது. மனிதர் இரண்டு நாள் ரயிலில் புழுங்கிக்கொண்டு வந்து இறங்கினால், ஒரு லாட்தான் கட்டி வைத்திருக்கிறது. இன்னொன்று ஈரம் சொட்டிக்கொண்டிருக்கிறது. அவர் ஃபைலிலிருந்து அந்தக் கடிதத்தின் பிரதியை எடுக்கச் சொல்லி, மேஜையில் போட்டு, 'ஆர்' என்ற வார்த்தைமேல் விரலால் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார்.

முதலாளிக்கு விஷயம் பிடிபடவில்லை. "இன்னா ரத்தினம் இது? ஒண்ணுன்னுதானே நான் சொன்னேன்?"

"ஒண்ணுன்னுதான் முதலாளி எழுதியிருக்கேன். ஒன் ஆஃப் த டூ லாட்ஸ்."

"அப்ப அவர் ஏன் அந்த ஆர் மேல தட்டறார்?"

"டூ லாட்ஸ் ஆச்சே முதலாளி. ரெண்டுக்கு ஆர்தானே?"

வந்தவர் பழுப்பு காய்கிறவரை ஐந்து நாள் லாட்ஜில் உட்கார்ந்திருந்தார். சாம்பார் ஒத்துக்கொள்ளவில்லை. போகும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டு வேளையில் முனீர் அகமது வீட்டில் இதைச் சொல்லிப் புலம்பினார். அவருடைய மருமகள் நசீமுன்னிசா குழம்புப் பாத்திரத்தோடு பக்கத்தில் நின்றிருந்தாள். மெட்ராஸ் பெரியமேட்டில் பிறந்தவள், கன்னியாஸ்திரிகள் நடத்தும் காலேஜில் பி.ஏ. இங்கிலீஷ் படித்தவள், கல்யாணமாகி எட்டு மாதம். புருஷன் இம்தியாஸ் மாதத்தில் இருபது நாள் தோல் வாங்க கல்கத்தா போய்விடுவான். வீட்டில் மாமியாரோடு அரிசி பார்ப்பதும், மொட்டை மாடியில் துணி காயப்போடுவதும்தான் அவளுக்கு வேலை. கொண்டுவந்த புத்தகங்களை இரண்டு முறை படித்து முடித்திருந்தாள்.

"இஸ் வரணும் மாமா" என்றாள்.

"ஏன்? ரெண்டு லாட்டுன்னு இருக்கே?"

"பேச்சு ஒண்ணைப் பத்தித்தானே? மாப்பிள்ளை வீட்டுக்காரங்கள்ல ஒருத்தர் வந்தார்னு சொல்வோம். ஒருத்தர் வந்தாங்கன்னு சொல்வோமா?"

"மரியாதைக்குச் சொல்லலாமே."

"இங்கிலீஷ்ல தோலுக்கு மரியாதை கிடையாது மாமா."

முனீர் அகமதுக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு வந்தது. மறுநாளிலிருந்து ஆபீஸ் கடிதங்களின் கையெழுத்துப் பிரதி, டைப் ஆவதற்கு முன்னால், வீட்டுக்குப் போக ஆரம்பித்தது. முதலாளியின் மதியச் சாப்பாட்டுக் கேரியரை வாங்கிவர வீட்டுக்குப் போகும் பியூன் ஜான் பாஷா, திரும்பும்போது கேரியரோடு திருத்திய கடிதத்தையும் கொண்டுவருவார். ஜான் பாஷாவுக்கு ரத்தினசாமி வயதுதான். இங்கிலீஷ் தெரியாது. ஆனால் சிவப்பு மை தெரியும்.

முதல் கடிதத்தில் பதினேழு இடத்தில் சிவப்பு.

"இன்னா சார், ரத்தக்களரியா இருக்கு?" என்றார் ஜான் பாஷா.

ரத்தினசாமி பேப்பரை மடித்து டிராயரில் போட்டுவிட்டு, வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தார். அன்று சாயங்காலம் வீட்டில் அம்சவேணியிடம் சொன்னார். "நம்ம பெரியவளைவிட வயசு கம்மி அந்தப் பொண்ணுக்கு. பத்தொம்பது வருஷம் எழுதின கை இது."

"தப்பு இருந்துச்சா, இல்லையா?" என்றாள் அம்சவேணி.

"இருந்திருக்கும் போல."

"அப்ப விடுங்க."

அவரால் விட முடியவில்லை. அடுத்த கடிதத்தில் 'கூட்ஸ் இஸ்' என்பதை அவள் 'கூட்ஸ் ஆர்' என்று திருத்தியிருந்தாள். ஓரத்தில் பென்சிலால் தமிழில் எழுதி அனுப்பினார்: 'சரக்கு ஒன்றுதானே? சரக்கு வந்தது என்கிறோம். வந்தன என்று யார் சொல்கிறார்கள்?'

மறுநாள் அதன் கீழே சிவப்பில் பதில் வந்தது: 'தமிழில் ஒன்று. இங்கிலீஷில் பல. கூட்ஸ் என்றால் எப்போதும் ஆர்.'

ரத்தினசாமி யோசித்தார். அப்படியானால் செய்திகள் பல. 'நியூஸ் ஆர் குட்' என்று அடுத்ததில் எழுதிவிட்டார். அது 'நியூஸ் இஸ்' என்று திரும்பி வந்தது. பென்சிலை அழுத்தி எழுதினார்: 'கூட்ஸிலும் எஸ் இருக்கிறது, நியூஸிலும் எஸ் இருக்கிறது. அதற்கு ஆர், இதற்கு இஸ். இது என்ன நியாயம்?'

'நியாயம் இல்லை சார். வழக்கம்' என்று பதில் வந்தது.

இந்தப் பதில் அவருக்குப் பிடித்துப்போனது. ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. சட்டம் பேசாமல், தனக்கும் இது கொஞ்சம் பேஜார்தான் என்று ஒப்புக்கொள்கிற மாதிரி இருந்தது. அன்றிலிருந்து ஓரத்துச் சண்டை ஒரு வழக்கமாகிவிட்டது. ஜான் பாஷா தினமும் ஒன்றரை மணிக்குக் கேரியரை வைத்துவிட்டு, "இன்னைக்கு யாரு ஜெயிச்சது?" என்று கேட்பார். பெரும்பாலும் வீட்டுப் பக்கம்தான் ஜெயித்தது.

ஒரே ஒருமுறை ரத்தினசாமி ஜெயித்தார். பன்மையென்றால் எஸ் சேர்க்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அவர் தலையில் அப்படியே இருந்தது. அதனால் வினைச்சொல்லிலும் பன்மைக்கு எஸ் போட்டுக்கொண்டே இருந்தார். 'ஸ்கின்ஸ் கம்ஸ்.' அவள் திருத்திக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் ஆபீஸில் உட்கார்ந்து இருபது உதாரணம் எழுதிப் பார்த்தார். அப்புறம் ஓரத்தில் எழுதினார்: 'எனக்குப் புரிந்துவிட்டது. வீட்டில் ஒரே ஒரு எஸ்தான் இருக்கிறது. பெயர்ச்சொல் அதை எடுத்துக்கொண்டால் வினைச்சொல்லுக்குக் கிடையாது. பெயர் எடுக்காவிட்டால் வினைக்குக் கொடுக்கலாம். ஸ்கின் கம்ஸ். ஸ்கின்ஸ் கம்.'

நசீமுன்னிசா அதை மூன்று முறை படித்தாள். மூன்று வருடம் காலேஜில் இப்படி ஒருவரும் சொல்லவில்லை. நியூஸ், சில்ட்ரன் மாதிரி பிடிவாதக்காரர்களை விட்டுவிட்டால் மற்ற இடத்துக்கெல்லாம் சரியாக வந்தது. சிவப்புப் பேனாவை மூடிவிட்டு நீல மையில் எழுதினாள்: 'நீங்கள் சொன்னதுதான் சரி. இதை நான் என் தங்கைக்கும் எழுதி அனுப்பப்போகிறேன்.'

ரத்தினசாமி அந்தப் பேப்பரை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோய் அம்சவேணியிடம் காட்டினார்.

பதினேழு பதினொன்றாகி, ஆறாகி, மூன்றாகியது. ஆனால் ஒன்று மட்டும் முதல் நாளிலிருந்தே தவறாமல் நடந்தது. கடைசி நாலு வரியை, அந்தச் சொந்த விஷயத்தை, நசீமுன்னிசா குறுக்கே ஒரு நீளக் கோடு போட்டு அடித்துவிடுவாள். 'வியாபாரக் கடிதத்தில் வேண்டாம்.' அதற்குப் பதிலாகத் தான் படித்த முறையில் ஒரு வரி சேர்ப்பாள். தங்கள் மேலான உத்தரவை எதிர்நோக்கி என்றும் தங்கள் பணிவுள்ள, என்கிற தோரணையில். நாலைந்து முறைக்குப் பிறகு ரத்தினசாமி அந்த வரிகளை எழுதுவதையே நிறுத்திவிட்டார்.

கடிதங்கள் பளிச்சென்று இருந்தன. முதலாளிக்குப் பரம திருப்தி. ஆனால் டொனாட்டியின் பதில்கள் சின்னதாகிக்கொண்டே வந்தன. ஒரு பக்கம் அரைப் பக்கமானது. அரைப் பக்கம் மூன்று வரியானது. பிப்ரவரியில் பதிலே வரவில்லை. கோடைக்கால ஆர்டர் வரவேண்டிய சமயம்.

"வேற யார்கிட்டயாவது வாங்க ஆரம்பிச்சிட்டாரா?" என்று முதலாளி கவலைப்பட்டார். 'நம்ம இங்கிலீஷ் நல்லாயிருக்கப்பவா இப்படி?' என்று ரத்தினசாமியும் குழம்பினார்.

மார்ச் மாதம் ஒரு காலையில் தந்தி வந்தது. முதலாளி பிரித்துப் படித்தார். இன்னொரு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, எதிர் மேஜையில் ஷிப்பிங் பில் எழுதிக்கொண்டிருந்த ரத்தினசாமியைப் பார்த்தார்.

"ரத்தினம்."

"முதலாளி?"

"நீ எப்ப செத்துப்போன?"

ரத்தினசாமி எழுந்து வந்து தந்தியை வாங்கினார். டொனாட்டியிடமிருந்து. இங்கிலீஷில் இப்படி இருந்தது: ரத்தினசாமி காலமானது அறிந்து மிகவும் வருந்துகிறேன், நல்ல நண்பர், ஹவ் இஸ் ஹிஸ் வைஃப் அண்ட் டாட்டர்ஸ், உடனே எழுதவும்.

ஆபீஸில் இருந்த எல்லோரும் சுற்றி வந்துவிட்டார்கள். ஜான் பாஷா விஷயத்தைக் கேட்டுவிட்டு முதலில் "யா அல்லா" என்றார். அப்புறம் ரத்தினசாமியின் தோளைத் தொட்டுப் பார்த்தார். எல்லோரும் ஒரே சமயத்தில் சிரித்துவிட்டார்கள். ரத்தினசாமியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாலாயிரம் மைலுக்கு அப்பால், முகம் பார்க்காத ஒருவர் தனக்காக உட்கார்ந்து வருத்தப்பட்டிருக்கிறார். அம்சவேணி எப்படி இருக்கிறாள், பெண்கள் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரிக்கிறார்.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி தந்தியைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"ஹவ் ஆர்னு வரணும்" என்றார். "வைஃப், டாட்டர்ஸ். பல பேரு."

அன்று கேரியரோடு தந்தியும் வீட்டுக்குப் போனது. நசீமுன்னிசா படித்துவிட்டுச் சிரிக்கவில்லை. பெட்டியைத் திறந்து, டைப் ஆனபிறகு தன்னிடமே திரும்பி வந்திருந்த பழைய கடிதங்களின் பிரதிகளை எடுத்து, தான் நீளக் கோடு போட்டு அடித்த இடங்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். தீபாவளிக்குச் சின்னப் பெண் வாங்கிய பாவாடை. முழங்காலுக்கு வேலூர் ஆஸ்பத்திரியில் கொடுத்த தைலம். மழையில் நனைந்த தபால்காரர். ஏழு மாதத்தில் ஒரு மனிதரைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்திருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. மாமியாரிடம் போய், கிளார்க் சாரை வீட்டுக்கு வரச்சொல்ல முடியுமா என்று கேட்டாள். மாமியார் மாமனாரைக் கேட்டாள். மறுநாள் பதினோரு மணிக்கு ரத்தினசாமி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, முன்னறை நாற்காலியின் விளிம்பில் வந்து உட்கார்ந்தார்.

மாமியார் ஒரு பக்கம் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். நசீமுன்னிசா தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எதிரே உட்கார்ந்தாள். ஏழு மாதமாகச் சண்டை போட்ட இருவரும் அப்போதுதான் நேரில் பார்க்கிறார்கள். இவ்வளவு சின்னப் பெண்ணா என்று அவர் நினைத்தார். இவ்வளவு சாதுவா என்று அவள் நினைத்தாள்.

"நான் உங்களைக் கொன்னுட்டேன் சார்" என்றாள்.

"எனக்கு ஒண்ணும் வலிக்கலம்மா" என்றார் ரத்தினசாமி.

மாமியாரே சிரித்துவிட்டாள். அதன்பிறகு பேச்சு சுலபமாகிவிட்டது.

"பதில் நீங்களே எழுதுங்க சார். நான் கை வைக்க மாட்டேன். பழைய மாதிரியே இருக்கட்டும். அப்பதான் அவருக்கு நீங்கதான்னு தெரியும்."

ரத்தினசாமி மடியில் இருந்த பேப்பரை நீவிவிட்டுக்கொண்டே இருந்தார். "அது வேணாம்மா. தப்பை வச்சுத்தான் அவர் என்னை அடையாளம் கண்டுக்கணும்னா எனக்கு அது வெக்கம். இவ்ளோ நாள் கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டேன். இஸ்ஸு ஆரு சரியா இருக்கணும்."

"தப்பை வச்சு இல்ல சார். உங்க வீட்டம்மா முழங்காலை வச்சு."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அதை நான்தானே வெட்டினேன்" என்றாள் அவள். "அதுமட்டுமில்ல. நான் கடைசியா சேர்க்கிறேனே ஒரு வரி, அது எப்படி இருக்கும் உங்களுக்கு?"

ரத்தினசாமி தயங்கினார். "சொல்லலாமா?"

"சொல்லுங்க."

"அப்படி யாராவது பேசுவாங்களாம்மா? பழைய காலத்து மனுல, 'கனம் துரை அவர்கள் சமூகத்துக்கு'ன்னு எழுதற மாதிரி இருக்கு. தப்பு இல்ல. ஆனா வாயில வராது."

நசீமுன்னிசா முகம் சிவந்து, பிறகு சிரித்தாள். "சிஸ்டருங்க அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாங்க. அந்தப் புத்தகமே அவங்க படிச்ச காலத்துது."

இருவருமாக அந்தப் பதிலை எழுத ஒன்றரை மணி நேரம் ஆனது. அவர் தமிழில் சொல்வார், இங்கிலீஷில் முயற்சி செய்வார். அவள் வினைச்சொல்லை மட்டும் சரிசெய்வாள். வேறு வார்த்தை போடப் போனால் அவர் நிறுத்துவார், "இதை நான் சொல்வேனா?" என்று கேட்பார். சொல்வேன் என்றால் இருக்கும், மாட்டேன் என்றால் போகும். 'ஐ ஆம் அலைவ்' என்று ஆரம்பித்தது கடிதம். நான் உயிரோடு இருக்கிறேன். செத்துப்போனவனுக்கு இவ்வளவு மரியாதை கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் இன்னும் இரண்டு நாள் சும்மா இருந்திருப்பேன். என் பெண்கள் நன்றாக இருக்கிறார்கள். என் மனைவியின் முழங்கால் நன்றாக இல்லை. பெண்களுக்கு ஆர், முழங்காலுக்கு இஸ். அதை அவரே சரியாகச் சொல்லிவிட்டார். அப்புறம், என் இங்கிலீஷைத் திருத்த எங்கள் முதலாளி வீட்டில் ஒருவர் கிடைத்திருக்கிறார், அதனால் இனிமேல் கடிதம் நன்றாக இருந்தால் பயப்பட வேண்டாம் என்றும் எழுதினார்கள்.

"முழங்கால் ரெண்டும் வலிச்சா?" என்று மாமியார் நடுவில் கேட்டாள்.

"அப்ப ஆர்" என்றார்கள் இருவரும்.

கடிதம் முனீர் அகமதிடம் கையெழுத்துக்குப் போனபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இதுல நான் எதுக்கு? நீயே போடு" என்றார். பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக ரத்தினசாமி ஒரு கடிதத்துக்குத் தானே கையெழுத்துப் போட்டார். கீழே இடது மூலையில், டைப் அடிக்கிறவர்கள் போடும் சின்ன எழுத்தில், 'ஆர்.எஸ்., என்.என்.' என்று இரண்டு பேரின் முதல் எழுத்தையும் போடச்சொன்னார்.

மூன்றாவது வாரம் பதில் வந்தது. நாலு பக்கம். கோடைக்கால ஆர்டர் கடைசிப் பக்கத்தின் பாதியில், போனால் போகிறது என்பதுபோல இருந்தது. மற்றதெல்லாம் டொனாட்டி எப்படி மோசம்போனார் என்பதுதான். கடிதத்தில் எல்லாம் சரியாக இருக்க ஆரம்பித்ததும் யாரோ புது ஆள் என்று நினைத்தாராம். ரத்தினசாமிக்கு லீவு என்று நினைத்தாராம். முழங்காலும் மழையும் வராமல் போனதும் உடம்பு சரியில்லை என்று நினைத்தாராம். ஆறு மாதமாகியும் வராததால், சொல்ல விரும்பாமல் மறைக்கிறார்கள் என்று முடிவு செய்து, மாதா கோயிலில் மெழுகுவத்திகூட ஏற்றிவிட்டாராம். 'த கேண்டில்ஸ் வாஸ் வெரி பிக்' என்று எழுதியிருந்தார். அந்த 'வாஸ்' மேல் ரத்தினசாமியின் பென்சில் ஒரு கணம் நின்றது. அப்புறம் விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு கடிதங்கள் வீட்டுக்கும் ஆபீஸுக்கும் போய்வந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் சிவப்பு மை நின்றுவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் ரத்தினசாமியே முன்னறைக்கு வந்துவிடுவார். ஆம்பூரில் செருப்பு ஏற்றுமதி செய்யும் முனீர் அகமதின் சிநேகிதர் ஒருவர், தன் கடிதங்களையும் அனுப்பலாமா என்று கேட்டார். மருமகளைப் பற்றிப் பிறர் முன் பேசாத முனீர் அகமது, "அவளைக் கேட்டுச் சொல்றேன்" என்றார். இந்தப் பதில் அவருக்கே புதிதாக இருந்தது.

1984 ஜனவரியில் டொனாட்டி நேரில் வந்தார். குட்டையாக, வழுக்கையாக, பெரிய மீசையோடு இருந்தார். ஆபீஸ் வாசலில் காரிலிருந்து இறங்கியதும், மாலையோடு நின்ற முதலாளியைத் தாண்டி உள்ளே போய், "ரத்தினசாமி?" என்று கேட்டார். ரத்தினசாமி எழுந்து நின்றார். டொனாட்டி அவரைக் கட்டிப் பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டார். ரத்தினசாமி விறைத்துப்போய், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அம்சவேணியின் முழங்காலுக்கு என்று டொனாட்டி ஒரு கம்பளி உறை கொண்டுவந்திருந்தார். வாணியம்பாடி வெயிலுக்கு அது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

மதியம் முனீர் அகமது வீட்டில், ரத்தினசாமிக்கும் சேர்த்து, பிரியாணி. சாப்பிட்டு முடித்ததும் டொனாட்டி, "ஹூ இஸ் என்.என்.?" என்றார்.

முனீர் அகமது கொஞ்சம் யோசித்தார். அப்புறம் உள்பக்கம் திரும்பி, "நசீம், இங்க வாம்மா" என்று கூப்பிட்டார். அந்தச் சமயம் ஊரில் இருந்த இம்தியாஸ் எழுந்து திரைச்சீலையை விலக்கிப் பிடித்தான். நசீமுன்னிசா வந்து சலாம் சொன்னாள். டொனாட்டி பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். போன செப்டம்பரில், ஒரு லாட்டில் சில தோல்களில் ஏன் புள்ளி விழுந்தது என்று விளக்கி எழுதியது. மழையில் தோல் சரியாகக் காயாமல் எப்படிப் பூசணம் பிடிக்கிறது, அதை எப்படிப் பிரித்தெடுக்கிறார்கள் என்று அதில் இருந்தது. இவ்வளவு தெளிவாக யாரும் தனக்குச் சொன்னதில்லை, அந்த இடத்தைத் தனக்கு நேரில் காட்ட முடியுமா என்று கேட்டார்.

நசீமுன்னிசா ரத்தினசாமியைப் பார்த்தாள். அவர் சொல்லித்தான் அவள் எழுதியது. "நான் பார்த்ததில்ல சார்" என்று மெதுவாகத் தமிழில் சொன்னாள். "தோல்ஷாப்புக்குள்ள நான் போனதே இல்ல."

அது உண்மை. ஒன்றரை வருடமாகத் தொட்டி, சாயம், மெருகு, லாட் என்று எழுதுகிறாள். வீட்டிலிருந்து தோல்ஷாப் ஒன்றரை மைல்தான். மாமனாரின் சட்டையில் வரும் வாசனைதான் அவளுக்குத் தெரிந்த தோல்ஷாப்.

எல்லோரும் முனீர் அகமதைப் பார்த்தார்கள். அவர் மனைவியைப் பார்த்தார். மாமியார் வெற்றிலைப் பெட்டியை மூடிவிட்டு எழுந்தாள். "நானும்தான் பார்த்ததில்ல. முப்பது வருஷமாச்சு. வாங்க, போலாம்" என்றாள்.

இரண்டு காரில் போனார்கள். வாசலிலேயே வாடை ஆளைத் தள்ளியது. மாமியார் முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டாள். நசீமுன்னிசா இழுத்துக்கொள்ளவில்லை. கொட்டகைகளைத் தாண்டிப் பின்பக்கம் போனால், வெட்டவெளியில் கம்பி கம்பியாகக் கட்டி, சாயமேற்றிய தோல்களைக் காயவிட்டிருந்தார்கள். கறுப்பு, பழுப்பு, செங்கல் நிறம். பாலாற்றுப் பக்கமிருந்து காற்று அடிக்கும்போது நூற்றுக்கணக்கான தோல்களும் ஒரே சமயத்தில் அசைந்தன. வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். அவள் அவர்களைப் பார்த்துத் தலையசைத்தாள்.

டொனாட்டி வரிசைகளுக்கு நடுவே ஏதோ கேட்டுக்கொண்டே நடந்தார். ரத்தினசாமி நிதானமாக, வினைச்சொல்லுக்கு முன்னால் ஒரு நொடி நின்று நின்று, பதில் சொல்லிக்கொண்டே போனார். நசீமுன்னிசா அவர்களைவிட்டுக் கொஞ்சம் பின்தங்கிவிட்டாள். ஒரு பழுப்புத் தோலின் ஓரத்தைக் கையில் எடுத்து, விரலால் தடவினாள். கடிதங்களில் 'வெரி சாஃப்ட்' என்று எத்தனையோ முறை எழுதியிருக்கிறாள். இவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. மறுபக்கம் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். மூலையில் கடுகு அளவுக்கு ஒரு வெளிர் புள்ளி.

"ரத்தினசாமி சார்," என்று குரல் கொடுத்தாள், "இங்க ஒரு நிமிஷம் வாங்க. இது பூசணமா, வேற ஏதாவதா?"

அவர் டொனாட்டியை அப்படியே விட்டுவிட்டு, கண்ணாடியைத் தேடிக்கொண்டு, அவளை நோக்கி வந்தார்.